அறுபத்தொரு கிலோமீட்டர்

பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்று வாழ்கிறவர்களின் கார்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, வாய் கொஞ்சம் நீளம். இருந்தும் ஆட்கள் வருகிறார்கள், ஏனென்றால் நாள் எண்ணுவதில் என்னை அடிக்க இந்தத் தெருவில் ஆள் இல்லை.

சட்டம் இதுதான். வெளிநாட்டில் தன் பேரில் கார் வாங்கி, ஒரு வருஷமாவது அதைத் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருந்தவர், அதைக் குறைந்த வரியில் இங்கே கொண்டுவரலாம். ஆயுளுக்கு ஒரே தடவை. அந்த ஒரு வருஷத்தில் அவர் இங்கே வந்து தங்கிய நாட்கள் சேராது. ஒரேயடியாக அங்கேயே கிடப்பவனுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பாதி வருஷக்காரனுக்குத்தான் தலைவலி. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை ஒவ்வொன்றையும் பார்த்து, வந்த நாள், போன நாள் இரண்டையும் கழித்து எண்ணவேண்டும். ஒரு பல் டாக்டருக்கு ஒரே ஒரு நாள் குறைந்து கார் வந்த கப்பலிலேயே திரும்பிப் போனது. எண்ணியது அவருடைய மச்சான், நான் இல்லை. ஆனாலும் அவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

லிஃப்ட்காரர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மனைவியோடு. ஐம்பதைத் தொட்ட மனிதர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஒப்பந்தப்படி ஏழு மாதம் அங்கே, ஐந்து மாதம் இங்கே. பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டபடியே வந்து உட்கார்ந்துவிட்டார், எழுந்து போகும்போதுதான் அது அவருக்கே தெரிந்தது. ஊரின் அந்தக் கோடியில் இரண்டு பள்ளிக்கூடங்கள் புதிதாகக் கேட்டிருக்கின்றன, துணிக்கட்டுகளை வாடகை வண்டிக்காரன் தயவில் கொண்டுபோய்க் கட்டுப்படியாகவில்லை, அதனால் தான் டிரைவிங் கற்று லைசென்ஸ் எடுத்தாயிற்று என்று நான் கேட்காமலே சொன்னார். மூன்றாவது தடவையில் பாஸ். கார் வந்தால் அவர்தான் ஓட்டப்போகிறார்.

லிஃப்ட்காரருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் கார் வெளியே வரவேண்டும். உரிமையாளர் நேரில் நின்று கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது, அவரோ போனால் ஏழு மாதம் கழித்துத்தான் வருவார். அவ்வளவு நாள் கிடங்கில் கிடந்தால் ஏலத்துக்குப் போய்விடும். ஒன்பது நாள் இருந்தது. எனக்கு அது தாராளம்.

நான் எண்ணினேன். கார் வாங்கிய பிறகு அவர் அங்கே இருந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றொரு நாள். பிரமாதம் என்றேன். அடுத்தது படிவம். மூன்றாம் பக்கத்தில் வாகனம் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்று ஒரு கட்டம் உண்டு. எல்லார் படிவத்திலும் நான் தட்டுகிற வரியையே தட்டிக்கொண்டு, தினமும் ஓட்டுவீர்கள்தானே என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"தினமும் சாயங்காலம் ஏழரைக்கு. ஓட்டிக்கிட்டேதான் எங்கிட்ட பேசுவார். போன் பேசிக்கிட்டு ஓட்டாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே."

'தினசரி ஓட்டப்பட்டது' என்று தட்டினேன். அவருடைய அந்நாட்டு லைசென்ஸின் நகலைக் கேட்டேன். பெட்டியில் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றார். சரி என்று விட்டேன். இருபத்தாறு வருஷ அனுபவம் இருக்கிறவள் அதை விட்டிருக்கக் கூடாது. யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே பிறகு சொல்லிக்கொண்டேன், மனசு ஆறவில்லை.

திங்கட்கிழமை சோதனை. காரைப் பார்த்து மதிப்புப் போடுகிற அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார், டயரின் பள்ளத்தை அளக்க. கை சுத்தமான ஆள், சிரிக்க மாட்டார். காரின் உறையை உருவினார்கள். வெள்ளைக் கார், முகம் பார்க்கலாம் போல இருந்தது. அளவுகோல் டயரில் ஸ்கேலை விட்டுப் பார்த்தார், இன்னொரு டயரிலும் பார்த்தார். கதவைத் திறந்தார். சீட்டுகளில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சாவியைத் திருப்பி, ஓடிய தூரத்தைப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு என்னையும் படிக்கச் சொன்னார்.

அறுபத்தொன்று.

ஆயிரங்களை விட்டுவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். வெறும் அறுபத்தொன்றுதான். கையில் இருந்த படிவத்தில் 'தினசரி ஓட்டப்பட்டது' என்று என் எழுத்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோற்றை நானே என் கையால் அள்ளிப் போட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலையே நோட்டீஸ் வந்தது. விற்பதற்காகக் கொண்டுவந்த புது வாகனமோ என்று சந்தேகம், வியாழக்கிழமை காலை விசாரணை, உரிமையாளர் நேரில் வந்து விளக்கவேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் கார் பறிமுதல்.

லிஃப்ட்காரரைத் தனியாக வரச் சொன்னேன். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனைவிக்குப் புதுசாகவே கொடுக்கவேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன் என்று ஆரம்பித்தார். அப்படிச் செய்கிற ஆட்களும் உண்டுதான். வாங்கின டிவியின் ரிமோட்டைப் பத்து வருஷம் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அமுக்குகிற வர்க்கம் நாம். கொஞ்சம் நம்பினேன். லைசென்ஸ் எங்கே என்றேன். தரையைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா, கொட்டித் தீர்த்துவிட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவர் சொன்னார்.

அவருக்கு லைசென்ஸே இல்லை. எப்படியும் பாஸாகிவிடுவோம் என்று காரை முதலில் வாங்கிவிட்டார். ஐந்து தடவை தேர்வுக்குப் போனார், ஐந்து தடவையும் பின்னால் எடுத்து நிறுத்துகிற இடத்தில் தோற்றார். லிஃப்ட் மேலே போகும், கீழே போகும், பின்னால் போகாது, அதுதான் எனக்கு வரவில்லை போலிருக்கிறது என்றார். சிரிக்கவைக்கச் சொன்னாரா தெரியவில்லை, எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் அவர் தங்கியிருந்த கட்டடத்தின் அடித்தளத்தில், தூணுக்குப் பக்கத்தில் நின்றது. கடையிலிருந்து கொண்டுவந்துவிட்டது கடைக்காரர், கப்பலுக்குக் கொண்டுபோனது அறையில் கூட இருந்த டாக்சி டிரைவர். அறுபத்தொரு கிலோமீட்டரும் அவர்கள் இருவரும் ஓட்டியது.

அப்படியானால் தினமும் ஏழரை மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

அறையில் ஆறு பேர். ஒருவர் சமைப்பார், ஒருவர் சீட்டாடுவார், ஒருவர் எந்நேரமும் தூங்குவார். மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசினால் ஐந்து பேர் கேட்பார்கள், ஒருவர் பதிலும் சொல்வார். அதனால் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். முதல் நாள் கதவுச் சத்தம் கேட்டு, வண்டியிலயா இருக்கீங்க, எங்க போறீங்க என்று மனைவி கேட்டிருக்கிறார். சும்மா ஒரு சுற்று என்று சொல்லிவிட்டார். மறுநாளும் அதே கேள்வி வந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸின் ஜன்னலில் தினமும் பார்க்கிற தெருக்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்படியே முந்நூற்றுத் தொண்ணூற்றொரு நாள்.

இது போதாது என்று, மனைவி டிரைவிங் பழகுகையில் போனிலேயே பாடமும் நடத்தியிருக்கிறார். தன்னை ஐந்து தடவை தோற்கடித்த பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். அந்தம்மா அதை வைத்துக்கொண்டு பாஸாகிவிட்டார்.

"வண்டி போனாப் போகட்டும். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா, எங்க வீட்டுக்காரர் அங்க கார் ஓட்டுறார்னு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, அந்த வரியைத் தட்டிய என் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆயுளுக்கு ஒரு தடவை கிடைக்கிற சலுகை, மனைவியின் தொழில், எல்லாவற்றையும் ஒரு வெட்கத்துக்காக ஏலத்துக்கு விடுகிறேன் என்கிறார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு, உங்களுடையதுதான் ஒரு வருஷம் தாண்டிவிட்டதே, அதற்கு மேலும் வேண்டுமா என்று கேட்டு அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு கோப்பைத் தலைகீழாகக் கொட்டி ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். காப்பீடு, அடித்தளத்தில் நிறுத்த இடவாடகை. அவற்றுக்கு நடுவில் இரண்டு பேட்டரி பில்கள். ஓடாத காருக்கு இரண்டு பேட்டரியா என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மேலே எடுத்துவைத்தேன்.

வியாழக்கிழமை மனைவி வரக்கூடாது என்றுதான் அவர் ஏற்பாடு. ஏதோ கையெழுத்து விஷயம், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா கடையைப் பூட்டிவிட்டு அவருக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விசாரணை அறை சின்னது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுவரில் போன வருஷக் காலண்டர். அளவுகோல் கேள்வி கேட்க, லிஃப்ட்காரர் வாய் திறப்பதற்குள் மனைவி பதில் சொன்னார். ஓட்டாமல் என்ன, தினமும் ஓட்டுவார், எந்த ரோடு என்றுகூட நான் சொல்வேன் என்றார். அவர் இருக்கிற கட்டடத்தின் கேட்டைத் தாண்டினால் இடது பக்கம். கடலோரமாகப் போய், மணிக்கூண்டு, துணிக்கடை வரிசை, ஆஸ்பத்திரி, ஒரு ரவுண்டானா, அங்கே சுற்றித் திரும்பி வருவார். நாற்பது நிமிஷம் ஆகும். மழை பெய்தால் ரவுண்டானாவுக்குப் போக மாட்டார். நேரில் பார்த்தவர்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடியாது. நான் லிஃப்ட்காரரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தேன்.

அளவுகோல் ஓடுதூரத்தைப் படம் பிடித்த தாளை மேசையில் தள்ளினார். தையல்காரம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அளவு எடுத்துப் பழகிய ஆள், கணக்கு அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அறுபத்தொண்ணா? இது நாலு நாளைக்குக்கூடக் காணாதே."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். தாளைக் கீழே வைத்தார்.

அளவுகோல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் லிஃப்ட்காரர் முன்னால் வைத்தார். உரிமையாளர் விளக்கத்தைத் தன் கையாலேயே எழுதவேண்டும், எழுதியதை அதிகாரி எழுதியவர் முன்னிலையில் வாய்விட்டுப் படிக்கவேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து. அதுதான் முறை. எழுதாமலும் இருக்கலாம், அப்போது காரைத் திருப்பிக் கேட்கவில்லை என்று அர்த்தம். இதையும் அவர் சொன்னார். மனைவியை வெளியே இருக்கச் சொல்லட்டுமா என்று நான் குறுக்கே புகுந்தேன். நான் எங்கும் போகவில்லை என்றார் அந்தம்மா.

லிஃப்ட்காரர் பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுதாமல் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு எழுதினார். அரைப் பக்கம்கூட இல்லை. அளவுகோல் அதை எடுத்து, ரேஷன் அட்டையைப் படிக்கிற குரலில் படித்தார்.

"இந்த வண்டியை நான் ஓட்டவில்லை. எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஐந்து முறை தேர்வில் தோற்றேன். என் அறையில் ஆறு பேர். தினமும் ஏழரை மணியிலிருந்து எட்டே கால் மணி வரை இந்த வண்டியில் உட்கார்ந்து என் மனைவியுடன் பேசினேன். ஓட்டுகிறேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். விற்பதற்காக இதை வாங்கவில்லை."

தையல்காரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். அன்றைக்கு அங்கே நாடா இல்லை.

"அப்ப, அந்த டிக் டிக்னு கேக்குமே? இப்ப திரும்புறேன்னு சொல்லுவீங்களே?"

"இண்டிகேட்டர். போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

நான் மேசையில் இருந்த கோப்பை இழுத்து இரண்டு பேட்டரி பில்களையும் அளவுகோலின் முன்னால் வைத்தேன். ஏன் இரண்டு என்று அந்த நிமிஷம்தான் எனக்கே விளங்கியது. முதல் பில் அவர் இங்கே ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போன வாரத்தில் போட்டது. சும்மா நின்ற பேட்டரி செத்துவிட்டது, அதில் அதிசயம் இல்லை. இரண்டாவது அதற்கு நான்கு மாதம் கழித்து, அவர் அங்கேயே இருந்தபோது. தினமும் ஓடுகிற காரில் புது பேட்டரி நான்கு மாதத்தில் சாகாது. சும்மா நின்றிருந்தாலும் புதுசு நான்கு மாதம் தாங்கும். எஞ்சினைப் போடாமல் தினமும் விளக்கையும் விசிறியையும் இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் சாகும். அடித்தளத்தில் புகை கூடாது என்று வாட்ச்மேன் எஞ்சினைப் போட விடமாட்டார் என்று லிஃப்ட்காரர் மெல்லச் சொன்னார்.

அளவுகோல் எழுந்து கிடங்குக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பின் சீட்டில் பிளாஸ்டிக் மொடமொடவென்று இருந்தது. முன்னால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலும் அப்படியே. டிரைவர் சீட்டில் மட்டும் அது மஞ்சளாகி, உட்காருகிற இடத்தில் தேய்ந்து கிழிந்து, ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை நாங்கள் இருவரும் ஓடுதூரத்தைப் பார்த்தோமே தவிர இதைப் பார்க்கவில்லை. அவர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார், எதை அளப்பது என்று தெரியாமலோ என்னவோ திரும்பப் பைக்குள் வைத்தார்.

உத்தரவு மதியத்துக்கு மேல் வந்தது. வாகனம் உரிமையாளர் வசம் வேண்டிய காலம் இருந்தது, வியாபாரத்துக்கு அல்ல, விடுவிக்கலாம். படிவத்தில் பொய்யான தகவல் தந்ததற்கு அபராதம். அதை நான் கட்டினேன். லிஃப்ட்காரர் தருகிறேன் என்று வந்தார், படிவத்தில் அதைத் தட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தப்பு செய்தவள் தண்டம் கட்டினேன், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் தையல்காரம்மா கணவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் கோப்புகள். டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. என்னிடம் மட்டும், "ரிவர்ஸ் எடுக்க வரலைன்னு நான் அழுதப்ப, அது ஒரு பெரிய விஷயமே இல்லன்னு சொன்னாருங்க" என்றார். அழவில்லை. கோபமாகத்தான் சொன்னார்.

வெளியே எடுக்கும்போது ஓட்டுகிறவர் லைசென்ஸைக் காட்டவேண்டும், உரிமையாளர் வண்டிக்குள் இருக்கவேண்டும். அது கேட்டின் விதி. லிஃப்ட்காரர் சாவியை நீட்டினார். அந்தம்மா வாங்கிக்கொண்டார். கிழிந்த பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடிகளைச் சரிசெய்தார். லிஃப்ட்காரர் பக்கத்து சீட்டில் ஏறினார், பிளாஸ்டிக் நொறுங்குகிற மாதிரி சத்தம் போட்டது. கேட்டில் விடுவிப்புச் சீட்டைக் காட்டுவதற்காக நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கார் சுவரைப் பார்த்து நின்றது. இரண்டு பக்கமும் வேறு கார்கள், பின்னால் ஒரு கம்பம். ரிவர்ஸில்தான் எடுத்தாகவேண்டும். லிஃப்ட்காரர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்தார். அந்தம்மா கியரைப் போட்டார். கண்ணாடியில் கம்பம் தெரியட்டும், தெரிஞ்சதும் திருப்பு, பாதி திருப்பு, இப்ப நேராக்கு என்று அவர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டது பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. அது யார் சொல்லிக்கொடுத்த பாடம் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒரு இடத்திலும் இடிக்காமல் எடுத்துவிட்டார்.

கேட்டில் நான் விடுவிப்புச் சீட்டைக் காட்டிவிட்டு இறங்கினேன். காவலர் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். கார் நகரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அந்தம்மா இண்டிகேட்டர் குச்சியில் கையை வைத்தபடி, கணவரைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

லாரி இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இடது பக்கம்."

அந்தம்மா இண்டிகேட்டரைப் போட்டார். டிக் டிக்கென்று அது எனக்கே கேட்டது. அவர்கள் வீடு வலது பக்கம், படிவத்தில் விலாசம் எழுதியவளே நான்தான். இடது பக்கம் போனால் கடலோரச் சாலை. கார் இடது பக்கம் திரும்பிப் போனது.